பேனா ஒருவர் கையில். கடிவாளம் வேறொருவர் கையில்!

சென்னையில் ஓடும் லாரியின் புகை இந்தியாவின் கணக்கில் எழுதப்படுகிறது. ஜெர்மனியில் இயங்கும் தொழிற்சாலையின் புகை ஜெர்மனியின் கணக்கில் எழுதப்படுகிறது. நடுக்கடலில் போகும் சரக்குக் கப்பலின் புகை யார் கணக்கில் எழுதப்படுகிறது? சற்று யோசித்துப் பாருங்கள் சகோதரர்களே! கப்பலின் முதலாளி கிரீஸ் நாட்டுக்காரர். மேலே பறப்பது லைபீரியாவின் கொடி. வாடகைக்கு எடுத்து ஓட்டுவது சுவிட்சர்லாந்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. ஏற்றியிருப்பது பிரேசிலின் இரும்புத் தாது. இறக்கப் போவது சீனாவில். இன்ஜின் அறையில் வியர்வை சிந்துவது இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும். இந்தப் புகைக்கு யார் பொறுப்பு?

யாருமில்லை என்பதுதான் நெடுங்காலமாகப் பதிலாக இருந்தது. 1997-ல் கியோட்டோவில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டபோது, பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்கவில்லை. லண்டனில் தலைமையகம் கொண்ட ஐ.எம்.ஓ. எனப்படும் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிட்டார்கள். அந்த அமைப்போ எண்ணெய்க் கணக்கைக் கட்டாயமாக்கும் விதியை நிறைவேற்றியது 2016-ல். அது அமலுக்கு வந்தது 2018 மார்ச்சில். கப்பல்கள் கணக்கு எழுதத் தொடங்கியது 2019 ஜனவரி முதல் தேதியில். கியோட்டோவிலிருந்து எண்ணினால் 22 ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து, படித்து, மரைன் இன்ஜினியராகிக் கப்பல் ஏறும் காலம் அது.

முதலாண்டுக் கணக்கு வந்தபோது தெரிந்தது என்ன? 27,000-க்கும் அதிகமான கப்பல்கள் சேர்ந்து ஏறத்தாழ 21 கோடி டன் எண்ணெயை எரித்திருந்தன. இது 5,000 டன் மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களின் கணக்கு மட்டுமே. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இந்த விதி இல்லை. ஐ.எம்.ஓ.வின் நான்காவது ஆய்வின்படி 2018-ல் மனிதன் வெளியேற்றிய மொத்தப் பசுமை இல்ல வாயுவில் கப்பல்களின் பங்கு 2.89 சதவீதம். கடல் மட்டம் ஏறினால் முதலில் முழுகப் போகும் மாலத்தீவுக்கும் வங்கதேசத்தின் கரையோரத்துக்கும் இந்த 2.89 சிறிய எண் அல்ல.

ஆகவே, கணக்கு எழுதியே ஆக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் நம் வியாபாரத்தைக் கெடுக்கக் கொண்டுவந்த சட்டம்’ என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை. நம்முடைய கேள்வி வேறு. இந்தக் கணக்கை எழுதுபவர் யார்? அவர் உண்மையை எழுதும்படி விடப்பட்டிருக்கிறாரா? பொய்யென்று தெரிய வந்தால் மாட்டிக்கொள்பவர் யார்?

நமக்கென்ன இதில் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உலகக் கப்பல்களில் வேலை செய்வோரில் இந்தியர்கள் பெரும் எண்ணிக்கையினர். நம் கடற்கரை ஊர்களிலிருந்து போன பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தக் கணக்கின் கீழே கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இன்ஜின் அறையில் நடப்பது என்ன?

கப்பலில் ஒவ்வொரு நாளும் நண்பகலில் ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். ‘நூன் ரிப்போர்ட்’ என்பார்கள். நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல் வரை எத்தனை கடல் மைல் ஓடியது, பிரதான இன்ஜின் எவ்வளவு எண்ணெய் குடித்தது, ஜெனரேட்டர் எவ்வளவு, பாய்லர் எவ்வளவு, தொட்டிகளில் மீதி எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்கும். பல நூறு நாட்களாக எழுதப்பட்ட இந்தச் சிறு சிறு எண்கள் கூட்டப்பட்டு, ஆண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது மார்ச் 31-க்குள், கொடி நாட்டின் நிர்வாகத்துக்குப் போக வேண்டும். அது சரிபார்க்கப்பட்டு, மே மாத முடிவுக்குள் கப்பலுக்குச் சான்றிதழ் வர வேண்டும்.

எண்ணெயை அளப்பது எப்படி? சில கப்பல்களில் மீட்டர் உண்டு. பல கப்பல்களில் இன்றும் பழைய முறைதான். பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவைத் தொட்டிக்குள் இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து ஆழத்தைக் குறிப்பது. அந்த ஆழத்தை அட்டவணையில் பார்த்துக் கன அளவாக மாற்ற வேண்டும். கப்பல் முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்திருந்தால் அதற்குத் திருத்தம். தொட்டியைச் சூடாக வைத்திருப்பதால் எண்ணெய் விரிந்திருக்கும், அதற்கும் திருத்தம். பிறகுதான் எடை. 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொட்டியில் நாடாவை ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் 2 கன மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு டன் எண்ணெய் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் என்பது எம்மாத்திரம்?

ஒரு டன் கனரக எண்ணெய் எரிந்தால் 3.114 டன் கரியமில வாயு என்பது ஐ.எம்.ஓ.வின் வாய்பாடு. டீசல் வகை எண்ணெய்க்கு 3.206. ஒரு டன் எரித்தால் மூன்று டன் எப்படி வரும் என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணெயில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. சேரும் பிராணவாயுவின் எடைதான் அதிகம். ஆகவே எண்ணெய்க் கணக்கில் இரண்டு டன் பிசகினால் புகைக் கணக்கில் ஆறு டன்னுக்கு மேல் பிசகும்.

இது அளவையின் இயல்பான குறை. இதைப் புரிந்துகொள்ளலாம், திருத்தலாம். வேண்டுமென்றே நுழைக்கப்படும் குறைதான் நாம் பேச வேண்டியது.

துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பும்போதே அது தொடங்குகிறது. எண்ணெயோடு காற்றையும் சேர்த்துக் குழாயில் அடித்துவிடுவார்கள். நுரைத்துக்கொண்டு தொட்டி நிறையும். அளந்தால் முழு அளவு காட்டும். மறுநாள் நுரை அடங்கினால் பல டன் குறையும். பால்காரன் தண்ணீர் கலப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த மோசடி தாங்காமல்தான் சிங்கப்பூர் 2017 ஜனவரியிலிருந்து எண்ணெய் விநியோகப் படகுகளில் எடையையே நேரடியாக அளக்கும் மீட்டரைக் கட்டாயமாக்கியது. ரோட்டர்டாமும் ஆன்ட்வெர்ப்பும் அதே வழிக்கு வர 2026 வரை ஆயிற்று. மீட்டர் இல்லாத துறைமுகங்கள் இன்னும் எத்தனையோ! அங்கெல்லாம் விநியோகச் சீட்டில் 1,000 டன் என்றிருக்கும், தொட்டியில் 980 இருக்கும். அந்த 20 டன்னை இன்ஜினியர் எங்கே போய்த் தேடுவார்? எரித்ததாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எரியாத எண்ணெயின் புகை கணக்கில் ஏறிவிடுகிறது.

இந்த அச்சத்தினால் கப்பல்களில் ஒரு பழைய வழக்கம் ஊறிப் போயிருக்கிறது. நல்ல நாளில் 30 டன் எரிந்தால் 30.5 என்று எழுதுவது. மிச்சமாகும் அரை டன்னைக் கணக்கில் காட்டாமல் தொட்டியிலேயே விட்டுவைப்பது. புயல் வந்து எண்ணெய் கூடுதலாகச் செலவாகும் நாளில் அதை எடுத்து ஈடுகட்டுவது. இந்த ‘கையிருப்பு’ இல்லாத சீஃப் இன்ஜினியரைக் கெட்டிக்காரர் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் அதைத் திருடி விற்கவில்லை, தம் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவே வைத்திருந்தார். ஆனால் இன்று? அதே அரை டன் ஓர் அரசாங்கத்துக்கு, சில பயணங்களில் பல அரசாங்கங்களுக்கு, கையெழுத்திட்டு அனுப்பும் பொய் அறிக்கையாகிவிட்டது. வழக்கம் மாறவில்லை, சட்டம் மாறிவிட்டது. இதைப் புதிதாகக் கப்பல் ஏறும் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

கூட்டி எழுதச் சொல்வார், குறைத்து எழுதச் சொல்வார்

கப்பலை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், இத்தனை வேகத்தில் போனால் நாளொன்றுக்கு இத்தனை டன்தான் எரியும் என்று முதலாளி உறுதி கொடுக்கிறார். அதற்கு மேல் எரிந்தால் வாடகைக்கு எடுத்தவர் நஷ்ட ஈடு கேட்பார். ஆகவே முதலாளியின் அலுவலகத்துக்கு எண் குறைவாக இருக்க வேண்டும். எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவரோ பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவர். சரக்கு நாளை மறுநாள் துறைமுகத்தில் இருக்க வேண்டும், வேகமாகப் போ என்று உத்தரவிடுபவரும் அவரே.

வேகம்தான் இதில் எல்லாம். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நாளொன்றுக்கு எரியும் எண்ணெய் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பயணம் நீள்வதைக் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, கப்பல் கட்டுபவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த கணக்கு. அப்படியானால் புகையைக் குறைக்கும் சாவி யார் கையில் இருக்கிறது? கேப்டன் கையிலா? இன்ஜினியர் கையிலா? இல்லை. கரையில், குளிரூட்டப்பட்ட அறையில், வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கையில்! ஆனால் அறிக்கையில் அவர் பெயர் எங்கும் வராது.

இப்போது ஐரோப்பாவின் கணக்கும் இதில் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் ஐ.எம்.ஓ.வுக்காகக் காத்திருக்கவில்லை. 2015-லேயே சட்டம் போட்டு, 2018 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களிடம் தனியாகக் கணக்குக் கேட்டது. 2024 முதல் அந்தக் கணக்குக்குக் காசும் கேட்கிறது. 2024-ன் புகையில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70 சதவீதத்துக்கு, 2026-லிருந்து முழுவதற்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணத்துக்கும் வெளியே போகும் பயணத்துக்கும் அதில் பாதி. கொடுக்கத் தவறினால் டன்னுக்கு 100 யூரோவும் அதற்கு மேலும் அபராதம். 2025 முதல் எரிபொருளின் தரத்துக்கென்று இன்னொரு சட்டம், இன்னொரு கணக்கு.

ஒரு டன் புகைக்கு 70 யூரோ விலை என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் ஒரு கப்பல் ஆண்டில் 100 டன் எண்ணெயைக் குறைத்து எழுதினால் ஏறத்தாழ 21,800 யூரோ மிச்சம்! எண்ணெய்க் கணக்கு இன்று ரொக்கக் கணக்காகிவிட்டது. ரொக்கம் இருக்கும் இடத்தில் ‘கொஞ்சம் சரிசெய்து அனுப்புங்கள்’ என்ற தொலைபேசியும் இருக்கும். அந்தத் தொலைபேசி எழுத்தில் வராது. கையெழுத்து மட்டும் எழுத்தில் இருக்கும்.

காலிக் கப்பலுக்கு நல்ல மார்க்!

2023 முதல் ஐ.எம்.ஓ. இந்தக் கணக்கை வைத்துக் கப்பல்களுக்கு ஏ, பி, சி, டி, இ என்று மார்க் போடுகிறது. மூன்றாண்டு தொடர்ந்து ‘டி’ வாங்கினாலோ, ஓராண்டு ‘இ’ வாங்கினாலோ திருத்தத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வு ஆண்டுக்காண்டு கடினமாகும். 2019-ன் அளவைவிட 2023-ல் 5 சதவீதம் குறைய வேண்டியிருந்தது, 2026-ல் 11 சதவீதம்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். மார்க் போடும் முறையைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் வந்த புகையை, கப்பல் சுமக்கக்கூடிய எடையாலும் ஓடிய தூரத்தாலும் வகுக்கிறார்கள். கவனியுங்கள்: சுமக்கக்கூடிய எடை, சுமந்த எடை அல்ல! 50,000 டன் சுமக்கும் கப்பல் ஓராண்டில் 60,000 கடல் மைல் ஓடி 6,000 டன் எண்ணெய் எரித்தால், ஒரு டன்னை ஒரு மைல் நகர்த்த 6.23 கிராம் என்று கணக்கு வரும். அந்தக் கப்பல் பாதி நாள் காலியாக ஓடினால்? காலிக் கப்பலுக்கு எண்ணெய் குறைவாகப் போதும். புகை குறையும். மார்க் கூடும்! யாருக்கும் ஒரு மூட்டை அரிசி கூடக் கொண்டுபோகாத கப்பல், நிறைசுமையோடு போன கப்பலைவிட நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

அதே கப்பல் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே ஒரு மாதம் நங்கூரம் பாய்ச்சி நின்றால்? விளக்கு எரிய வேண்டும், சமைக்க வேண்டும், ஜெனரேட்டர் ஓடும். நாளொன்றுக்கு 4 டன் என்றால் 120 டன் எண்ணெய், 373 டன்னுக்கு மேல் புகை. ஓடிய தூரம் பூஜ்யம். மார்க் சரியும். 2021-ன் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இடம் கிடைக்க நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. இந்த மார்க் முறை அப்போதே இருந்திருந்தால், துறைமுகத்தின் குளறுபடிக்குக் கப்பல்தான் தேர்வில் தோற்றிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காஸா மீது இஸ்ரேல் நடத்திய போரையொட்டி 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பெரிய கம்பெனிகள் சூயஸைக் கைவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. சிங்கப்பூரிலிருந்து ரோட்டர்டாமுக்கு ஏறத்தாழ 3,500 கடல் மைல் கூடுதல். நாளொன்றுக்கு 100 டன் எரிக்கும் கப்பலுக்குப் பத்து நாள் என்றால் 1,000 டன் எண்ணெய், மூவாயிரம் டன்னுக்கு மேல் புகை. ஆனால் ஐ.எம்.ஓ.வின் மார்க் இதனால் சரியாது. புகை கூடிய அளவுக்குத் தூரமும் கூடிவிட்டதல்லவா, வகுத்தால் சரியாகிவிடும்! ஐரோப்பாவின் கணக்கிலோ மொத்தப் புகையில் பாதிக்குக் காசு. ஒரே பயணம், ஒரே எண்ணெய். லண்டன் கணக்கில் குற்றமில்லை, ஐரோப்பாவின் கணக்கில் கூடுதல் பணம். இரண்டு படிவத்தையும் நிரப்புபவர் அதே இன்ஜினியர்.

படிவங்கள் குறையப் போவதும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி இன்ஜின், ஜெனரேட்டர், பாய்லர் ஒவ்வொன்றின் எண்ணெயையும் தனித்தனியே காட்ட வேண்டும். உண்மையில் சுமந்த சரக்கின் கணக்கும் கேட்கப்படுகிறது. இது நல்லதுதான், காலிக் கப்பலின் வேடிக்கைக்கு முடிவு கட்ட உதவும். ஆனால் கூடுதல் எழுத்து வேலைக்குக் கூடுதலாக ஒரு ஆளைக் கப்பலில் ஏற்றியவர்கள் எத்தனை பேர்?

கப்பல் தொழிலாளிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று 2006-ன் கடல் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. காகிதத்தில் எல்லாரும் ஓய்வெடுக்கிறார்கள். சுவீடனின் மால்மோ நகரில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஓய்வுப் பதிவேடுகள் கப்பல்களில் பரவலாகத் திருத்தி எழுதப்படுவதை அம்பலப்படுத்தியது. விதிக்கு ஏற்ப வாழ்க்கையை மாற்ற முடியாதபோது, விதிக்கு ஏற்பப் பதிவேட்டை மாற்றுகிறார்கள். தன் தூக்கத்தைப் பற்றியே பொய் எழுதப் பழக்கப்பட்ட கையை எண்ணெயைப் பற்றி மட்டும் உண்மை எழுதச் சொன்னால் எழுதுமா?

மாட்டுபவர் யார்?

இதற்கு நேரான பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நடந்த வழக்குகள் எரிபொருள் அறிக்கை பற்றியவை அல்ல, இன்ஜின் அறையின் எண்ணெய்க் கழிவு பற்றியவை. ஆனால் பதிவேட்டுச் சட்டம் எப்படிப் பாயும் என்பதை அவை காட்டுகின்றன. எண்ணெய் கலந்த கழிவு நீரை வடிகட்டும் கருவிக்கு வெளியே ஒரு திருட்டுக் குழாயைப் பொருத்தி இரவில் கடலில் விடுவார்கள். ‘மேஜிக் பைப்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கடலில் விட்டது எங்கோ நடுக்கடலில். கொடி வேறு நாட்டினுடையது. அமெரிக்கா எப்படிப் பிடிக்கும்? அந்தப் பொய்ப் பதிவேட்டோடு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைந்தாயே, அதுவே குற்றம் என்று பிடிக்கிறார்கள். கழிவை விட்டதற்கல்ல, எழுதியதற்கு!

இப்படிப் பல கப்பல்களில் சீஃப் இன்ஜினியர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். சாட்சிகளாகப் பிடித்து வைக்கப்பட்ட சாதாரணத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப முடியாமல் மாதக் கணக்கில் அங்கே கிடந்தார்கள். கம்பெனிகளும் தப்பவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2016-ல் பிரின்சஸ் குரூஸ் கம்பெனி 4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கு வெளியே வந்ததற்குக் காரணம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் இன்ஜினியர் திருட்டுக் குழாயைக் கண்டு வாயைத் திறந்ததுதான். ஆனால் கம்பெனி அபராதம் கட்டிவிட்டுத் தொழில் நடத்தும். சிறை சென்ற இன்ஜினியரின் லைசென்ஸ்? அவரை நம்பியிருந்த குடும்பம்?

ஐரோப்பாவில் எண்ணெய்க் கணக்குக்கான சட்டக் கடமை கம்பெனிமீதுதான் இருக்கிறது. அறிக்கை தராமல் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ ஏமாற்றினால் அந்தக் கப்பலைத் துறைமுகங்களிலிருந்து வெளியேற்றவும் முடியும். அது சரியான திசை. ஆனால் எண் பொய்யென்று தெரிய வரும் நாளில் கம்பெனி யாரைக் கைகாட்டும் என்று நினைக்கிறீர்கள்? ‘எங்களுக்கு வந்த நூன் ரிப்போர்ட் இதுதான், கையெழுத்து இதோ’ என்றுதானே!

சரிபார்க்க ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கொடி நாடு சரிபார்க்க வேண்டும். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ்தான் உலகக் கப்பல்களின் கொள்ளளவில் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. இதில் லைபீரியாவின் பதிவேடும் மார்ஷல் தீவுகளின் பதிவேடும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனிகளால் நடத்தப்படுகின்றன. அவர்களும் நேரில் பார்ப்பதில்லை. வகைப்படுத்தும் சங்கங்களிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்குக் கட்டணம் கொடுப்பவர் யார்? கப்பல் முதலாளி! தேர்வு எழுதுபவரே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் தேர்வு இது. அந்தச் சர்வேயர்களில் நேர்மையானவர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாக இருப்பதற்கு அவர்கள் வாடிக்கையாளரை இழக்கும்படி ஏற்பாடு இருக்கிறது என்கிறோம்.

வெளியார் பார்த்தாலாவது பயம் இருக்கும். அங்கேதான் லண்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். ஐரோப்பா ஒவ்வொரு கப்பலின் எண்ணையும் பெயரோடு வெளியிடுகிறது. நீங்களும் நானும் கூடப் பார்க்கலாம். ஐ.எம்.ஓ.வோ பெயரை மறைத்து மொத்தக் கணக்கை மட்டுமே உலகத்துக்குச் சொல்கிறது. வியாபார ரகசியமாம்! உலகம் முழுவதும் சுவாசிக்கும் காற்றில் கலந்த பின் அதில் என்ன ரகசியம்? பெயர் வெளியே வந்தால், ஒரே மாதிரியான இரண்டு கப்பல்களில் ஒன்று மட்டும் அதிசயமாகக் குறைவாக எரிப்பதை யாராவது கவனிப்பார்கள். ஒரே கப்பல் ஒரு பயணத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் கொடுத்ததும் தெரிந்துவிடும். பொய் எழுதச் சொல்லும் தொலைபேசி தானாகக் குறையும்.

புகைக்கு உலக அளவில் விலை வைக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஐ.எம்.ஓ.வில் பெரும்பான்மை நாடுகள் ஒப்புதல் தந்தன. அதே ஆண்டு அக்டோபரில் இறுதி முடிவெடுக்கக் கூடியபோது, அமெரிக்காவின் கடும் எதிர்ப்புக்கு நடுவே, 57-க்கு 49 என்ற வாக்கில் ஓராண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். தள்ளிவைக்கக் கோரியது சவூதி அரேபியா. அது முஸ்லிம் நாடு என்பதற்காக நாம் இதைச் சொல்லாமல் விட முடியாது. மாலத்தீவின் மண்ணையும் வங்கதேசத்தின் வயலையும் கடல் கொள்ளும்போது, ஒத்திவைத்த கைகளை அந்த மக்கள் மறக்க மாட்டார்கள்.

என்றாவது இந்தத் திட்டம் வரும்போது எண்ணெய்க் கணக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் உலகமெங்கும் விலை இருக்கும். பொய் எழுதச் சொல்லும் கைகளும் அப்போது பெருகும். அதற்குள் செய்ய வேண்டியதை இந்திய அரசு இப்போதே கேட்க வேண்டும். ஐ.எம்.ஓ.வின் கவுன்சிலில் இடம் பெற்றிருக்கும் நாடு இது. எண்ணெய் நிரப்பும் இடத்திலும் இன்ஜினுக்குப் போகும் குழாயிலும் மீட்டர் கட்டாயமாகட்டும். கப்பலின் பெயரோடு கணக்கு வெளியாகட்டும். வேகத்துக்கு உத்தரவிட்ட கம்பெனியின் பெயரும் அறிக்கையில் ஏறட்டும். இந்த மூன்றையும் நம் பிரதிநிதி அங்கே எழுந்து கேட்கட்டும். நம் துறைமுகங்களில் எண்ணெய் விற்போருக்கு எடை மீட்டரைக் கட்டாயமாக்க லண்டனின் அனுமதியும் தேவையில்லை, டெல்லி மனம் வைத்தால் போதும்.

கப்பலில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் குறைவாக வந்தால் அன்றே எழுத்தில் எதிர்ப்புக் கடிதம் கொடுங்கள். சீட்டில் கையெழுத்திடும் முன் கொடுங்கள். விநியோகச் சீட்டை மூன்றாண்டு கப்பலில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அது உங்களுக்கும் பாதுகாப்பு. கணக்கில் காட்டாத கையிருப்பு எதையும் முந்தைய இன்ஜினியரிடமிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள். பொறுப்பேற்கும் நாளில் தொட்டியை நீங்களே அளந்து, இருப்பதை இருப்பதாக எழுதி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். கேப்டனையும் தாண்டிப் புகார் சொல்ல ஒவ்வொரு கம்பெனியும் கரையில் ஒரு பொறுப்பாளரை நியமித்திருக்க வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும், அதைக் குறித்து வையுங்கள். தொழிற்சங்க அட்டையைப் புதுப்பிக்காமல் கப்பல் ஏறாதீர்கள்.

ஜனவரி பிறந்தால் மார்ச் 31 வரை அலுவலகங்களுக்கு அவசரம். சென்ற ஆண்டின் எண்களில் ‘சின்னத் திருத்தம்’ கேட்டுத் தகவல்கள் வரத் தொடங்கும். நியாயமான திருத்தங்களும் அதில் இருக்கும், எண் தட்டச்சில் மாறியிருக்கலாம், ஒரு நாள் விடுபட்டிருக்கலாம். எதுவானாலும் என்ன திருத்தம், ஏன், யார் சொல்லி என்பதை மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் தர மறுத்தால் பழைய எண்ணே இருக்கட்டும்.